மரச்சீட்டில் இருந்த பெயர்

போர்ட் பிளேர் ஷாதிபூர் வீட்டைக் காலி செய்த அன்று கடைசியில் மிஞ்சியது ஒரு பிரம்பு நாற்காலியும் அதில் உட்கார்ந்திருந்த அத்தையும்தான்.

அது தாத்தா கட்டிய வீடு. படாக் மரத் தூண்கள்மேல் பலகைத் தளம், பலகைச் சுவர், தகரக் கூரை. தாத்தா நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது இறந்தார். அப்பாவும் போன பிறகு அத்தை மட்டும் அங்கே தனியாக இருந்தார். அப்பாவின் அக்கா. எழுபத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவர். தூண்களில் கறையான் ஏறிவிட்டது. தீவில் அடிக்கடி வரும் சின்ன நடுக்கங்களுக்குக்கூடச் சுவர்ப் பலகைகள் கிறீச்சிட ஆரம்பித்தன. அத்தையை என் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துக்கொண்டு வீட்டை இடித்துவிடலாம் என்று சொன்னேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். உடனே சரி என்றுவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"கடைசிச் சாமான் போனப்புறந்தான் நான் எந்திரிப்பேன்."

காலையில் லாரி வந்தபோதே நாற்காலியை நடு அறையில் போட்டு உட்கார்ந்துவிட்டார். கட்டில், பீரோ, தையல் மிஷின் எல்லாவற்றையும் ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு தூக்கிப்போனார்கள். சாப்பாட்டைக்கூட அங்கேயே மடியில் வைத்துச் சாப்பிட்டார். வெளியே மழை. கரண்ட் இணைப்பைக் காலையிலேயே துண்டித்துவிட்டதால் மூன்று மணிக்கே அறைக்குள் பொழுது சாய்ந்ததுபோல் இருந்தது. எங்கள் தீவில் ஐந்து மணிக்கு இருட்டிவிடும். அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம்.

லாரிக்காரர் வாசலில் நின்று, "பஸ், ஹோ கயா?" என்று இந்தியில் கேட்டார், எல்லாம் முடிந்ததா என்று.

"ஒரு குர்சி பாக்கி," என்றேன், நாற்காலியைக் காட்டி.

"லாரியை அனுப்பிச்சுரு தம்பி," என்றார் அத்தை. "நாம ஆட்டோவுல போவோம்."

லாரி இறக்கத்தில் திரும்பி, சத்தம் ஓயும்வரை அத்தை காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன்.

"கீழ ஒருத்தவுக இருக்காக," என்றார். "அவுகளை விட்டுட்டு நான் வரமாட்டேன்."

வயதாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அத்தை ஒரு தேதியைக்கூட மறக்காதவர். பேப்பர் முழுக்கப் படிப்பவர். குரலில் தடுமாற்றமே இல்லை. வெற்று அறையில் அந்தக் குரல் பலகைகளில் பட்டுத் திரும்பியது.

"யாரு அத்தை?"

"கையக் குடு. எந்திரிக்கிறேன்."

நாற்காலியை நகர்த்தினேன். அதன் கீழே இருந்த பலகையில் மட்டும் ஆணி இல்லை. ஓரத்தில் ஒரு விரல் நுழைகிற ஓட்டை. விரலை விட்டுத் தூக்கினேன். கீழிருந்து ஈர மண்ணின் குளிர்ச்சி முகத்தில் அடித்தது. கூடவே கற்பூர வாசனை. பழைய வாசனை அல்ல, நேற்று வைத்ததுபோல.

இரண்டு உத்தரங்களுக்கு நடுவே ஒரு மரப்பெட்டி இருந்தது. மூலைகளில் துருப்பிடித்த இரும்புப் பட்டை. பக்கவாட்டில் கறுப்பு மையில் ஜப்பான்காரர்களின் எழுத்து. போர்ட் பிளேரில் வளர்ந்தவனுக்கு அதைப் பார்த்ததும் தெரியும். யுத்த காலத்தில் அவர்கள் கட்டிய கான்கிரீட் பதுங்குகுழிகளில்தான் நாங்கள் ஒளிந்து விளையாடினோம். பழைய குடும்பங்கள் எல்லாவற்றிலும் அந்தக் காலத்துச் சாமான் ஏதாவது இருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு துப்பாக்கிக் கத்தியால்தான் தேங்காய் உரிப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஒன்றும் கிடையாது. தாத்தா யுத்தத்தைப் பற்றிப் பேசியதும் கிடையாது.

பெட்டிக்குள் வெள்ளைத் துணி மூட்டை ஒன்று. துணி புத்தம் புதிது. மில் முத்திரைகூட அழியவில்லை.

"போன ஆடியில மாத்தினது," என்றார் அத்தை. "வருசா வருசம் மாத்தணும்னு எங்க அப்பா சொல்லியிருந்தாக."

தனியாக இருக்கும் ஒரு கிழவி வருடத்துக்கு ஒருமுறை பலகையைப் பெயர்த்து, குனிந்து, இந்த மூட்டையைத் தூக்கிப் புதுத்துணி சுற்றியிருக்கிறார். பண்டிகைக்கு நாங்கள் எல்லோரும் வந்து இந்தப் பலகைமேல்தான் பந்தியில் உட்காருவோம்.

முடிச்சை அவிழ்த்தேன். ஒரு காக்கிச் சட்டை. அக்குளில் வியர்வைக் கறை. தாத்தா என்னைப்போல ஒல்லி, உயரம். இந்தச் சட்டை குட்டையான, தோள் அகன்ற ஆளுடையது. ஒரு மரச்சீப்பு. அதன் பற்களுக்கிடையே இரண்டு முடிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. சீப்பை உடனே கீழே வைத்துவிட்டேன். பிறகு, உள்ளங்கை அகலத்தில் ஓட்டை போட்ட மரச்சீட்டு ஒன்று. ஒருபுறம் ஜப்பான் எழுத்து. மறுபுறம் ஆணியால் கீறிய தமிழ் எழுத்தில் தாத்தாவின் பெயர். இந்திக்காரர்கள் வழக்கப்படி தாத்தாவின் பெயரைத்தான் நாங்கள் எல்லோரும் பின்பெயராக வைத்திருக்கிறோம். என் ஆதார் அட்டையில், என் மகளின் மார்க் ஷீட்டில் எல்லாம் அதுதான் இருக்கிறது.

அடியில் ஒரு கடிதக் கட்டு. அதன் மேல் ஸ்டுடியோவில் எடுத்த புகைப்படம். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பின்னால் ஒரு வாலிபன் நாற்காலி முதுகில் கைவைத்து நிற்கிறான். உருண்டை முகம். இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாகப் பிளந்திருக்கிறது. படத்தைத் திருப்பினேன். ஊர்ப் பெயர் எழுதி, 'தாயாருடன்' என்று போட்டு, கீழே தாத்தாவின் பெயர்.

"இது தாத்தா இல்லையே," என்றேன்.

"இல்ல."

"தாத்தா பேரு போட்டிருக்கு."

"அது அவுக பேருதான். படத்துல நிக்கிறவுக பேரு." அத்தை நாற்காலியை இழுத்து மறுபடி உட்கார்ந்தார். "எங்க அப்பா, உன் தாத்தா, அதை வாங்கிக்கிட்டாக."

தகரக் கூரைமேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தாத்தாவின் ஒரு பழக்கம் நினைவுக்கு வந்தது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் உடனே பதில் சொல்லமாட்டார். முதலில் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பார். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் "என்ன?" என்பார். காது மந்தம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஆடி அமாவாசைக்குத் தாத்தா கடலுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போனார். முழங்கால் ஆழத்தில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்து ஒரு பெயரை மூன்று முறை சொன்னார். அது அவருடைய பெயர்தான். உயிரோடு இருக்கிற மனிதர் தன் பெயரையே சொல்லித் தர்ப்பணம் விடுகிறார். நான் அப்பாவிடம் சொன்னேன். "உனக்குச் சரியாக் கேட்டிருக்காது," என்றார் அப்பா. எனக்குச் சரியாகத்தான் கேட்டது.

அத்தைக்கு இதையெல்லாம் தாத்தா சொன்னது அவருடைய கடைசி மழைக்காலத்தில். காய்ச்சலில் படுத்திருந்தபோது, மூன்று நாள், கொஞ்சம் கொஞ்சமாக.

தாத்தாவும் படத்தில் இருப்பவரும் யுத்தத்துக்கு முன்பு ஒரே கப்பலில் இங்கே வந்தவர்கள். இருவரும் ராமநாதபுரத்துக் கடலோரம், ஆனால் வேறு வேறு ஊர். படகுப் பட்டறையில் தச்சு வேலை. ஜப்பான் ராணுவம் தீவைப் பிடித்ததும் இருவரையும் ஒரே கொட்டகையில் போட்டு மண் வெட்டவிட்டார்கள். கழுத்தில் மரச்சீட்டு தொங்க வேண்டும். சீட்டு இருந்தால்தான் கஞ்சி.

"கடைசி மாசம் கஞ்சியும் இல்லையாம்," என்றார் அத்தை. "எலி, கிழங்கு, இலை. அப்ப ஒரு நாளு லிஸ்ட் போட்டாங்களாம். வேற தீவுல நிலம் இருக்கு, பயிர் வைக்கலாம், அரிசி இருக்குன்னு. அப்பா பேரு இருந்துச்சு. இவுக பேரு இல்ல. அப்பாவுக்குக் காய்ச்சல், எந்திரிக்க முடியல. இவுகதான் கேட்டிருக்காக. 'உன் சீட்டைக் குடுடா. எனக்குப் பசிக்குது. நான் போயி சாப்பிட்டு உனக்கும் எடம் புடிச்சு வைக்கிறேன்'னு."

"தாத்தா குடுத்துட்டாரா?"

"குடுத்துட்டாக. தன் சீட்டை அப்பா கழுத்துல மாட்டிட்டு, அப்பா சீட்டை இவுக போட்டுக்கிட்டாக. கூட்டம் அதிகம், சாமான் எடுக்கக் கூடாதுன்னுட்டாங்களாம். சட்டையைக் கழட்டி, சீப்பையும் படத்தையும் அதுல சுத்தி, 'அடுத்த கப்பல்ல நீ வரும்போது எடுத்துட்டு வா'ன்னு அப்பா தலைமாட்டுல வச்சுட்டுப் போயிருக்காக. வரிசையில அப்பா பேரைக் கூப்பிட்டப்ப இவுக குரல் கேட்டுச்சாம். 'இருக்கேன்'னு. கொட்டகைக்குள்ள படுத்துக்கிட்டே அப்பா கேட்டிருக்காக. தன் பேருக்கு இன்னொருத்தன் சொன்ன பதிலை."

கப்பல் எந்தத் தீவுக்கும் போகவில்லை. நடுக்கடலில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அதில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் இருந்தது மட்டும் எனக்குத் தெரியாது.

"யுத்தம் முடிஞ்சதும் தன் பேரைச் சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொன்னா, அப்ப அவன் எங்கேன்னு கேப்பாங்கள்ல?" அத்தை இதைச் சாதாரணமாகச் சொன்னார். பல வருடம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்த பதில்போல இருந்தது. "லிஸ்டுல இருந்தவுக எல்லாரும் செத்தாச்சுன்னு ஊருகளுக்குத் தகவல் போயிருச்சு. கழுத்துல இருந்த சீட்டைப் பார்த்து அப்பாவுக்கு வேலை குடுத்தாங்க. வேலை, ரேசன், இந்த எடம், எல்லாம் அந்தப் பேருல. அப்புறம் எப்படி மாத்துறது?"

அந்த நேரத்தில் தரை லேசாக நடுங்கியது. இரண்டு விநாடிதான். சுவர்ப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. திறந்திருந்த பலகைக்குக் கீழே மண் உதிரும் சத்தம். தீவுக்காரர்கள் இதற்கெல்லாம் எழுந்து ஓடுவதில்லை. ஆனால் நான் அந்த ஓட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், பயந்த பிள்ளையை அணைப்பதுபோல.

"என்னைப் பொண்ணு கேட்டு மெயின்லேண்டுல இருந்து நாலு பேரு வந்தாக," என்றார். "நாலு பேரையும் அப்பா திருப்பி அனுப்பிச்சாக. ஊர் எது, குலசாமி எது, பங்காளி யாருன்னு வெசாரிப்பாகல்ல. அந்த ஊருக்கு ஆள் அனுப்பினா முடிஞ்சுது. எனக்கு அப்பத் தெரியாது. எனக்கு என்ன குறைன்னு ராத்திரியெல்லாம் யோசிப்பேன். உங்க அப்பனுக்குத் தொல்லை இல்ல. உங்க அம்மா கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துப் பொண்ணு. சிலோன்ல இருந்து ஏத்திவிட்டவுக. அவுகளுக்கே ஊரு கிடையாது, யாரை ஊரு கேப்பாக?"

கோபம் இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் தாத்தாமேல் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுகிறேன், எந்தப் பெயர்கொண்டவர்மேல் என்று தெரியவில்லை.

கடிதங்களை மொபைல் வெளிச்சத்தில் படித்தேன். எல்லாம் படத்தில் உட்கார்ந்திருந்த அந்தத் தாய் ஊர் வாத்தியாரைக்கொண்டு எழுதவைத்தவை. யுத்தம் முடிந்து தபால் போக்குவரத்து மறுபடி தொடங்கியதும் அந்த அம்மாவிடமிருந்துதான் முதலில் கடிதம் வந்திருக்கிறது. மகன் இருக்கிறானா என்று கேட்டு. அந்தப் பெயருக்கு வந்த கடிதத்தைத் தாத்தாவிடம் கொடுத்திருக்கிறார்கள். இருக்கிறேன் என்று தாத்தா பதில் எழுதிவிட்டார். அப்புறம் நிறுத்த முடியவில்லை. பன்னிரண்டு வருடக் கடிதங்கள். மாடு கன்று போட்டது, தங்கைக்குக் கல்யாணம், எப்போது வருவாய். லீவு இல்லை, கப்பல் இல்லை என்று தாத்தா ஏதாவது எழுதியிருக்க வேண்டும். அந்தப் பதில்களுக்கு வந்த பதில்களிலிருந்து அது தெரிந்தது. 'உன் முகம் மறந்து வருகிறது, ஒரு படம் எடுத்து அனுப்பு' என்று ஏழெட்டுக் கடிதங்களில் ஒரே கெஞ்சல்.

கடைசிக்கு முந்தைய கடிதம் சின்னது. அது மட்டும் வாத்தியார் கையெழுத்து இல்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஏதோ குழந்தையின் கோணல் எழுத்து. அதை நான் இரண்டு முறை படித்தேன்.

'மகனுக்கு அம்மா எழுதுவது. படம் வந்தது. சுவரில் மாட்டியிருக்கிறேன். கேட்கிறவர்களிடம் என் மகன் என்றே சொல்கிறேன். நீ ஒல்லியாக இருக்கிறாய், நன்றாகச் சாப்பிடு. உனக்கும் ஒரு அம்மா இருந்தால் அவளுக்கும் ஒரு கடிதம் போடு.'

அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாத்தியாரைத் தவிர்த்து, ஒரு குழந்தையை உட்காரவைத்து, ரகசியமாக இதை எழுதியிருக்கிறாள். இதற்குப் பிறகு இருந்தது ஒரு கருமாதிப் பத்திரிகை மட்டும்தான்.

"அப்ப நான் சின்னப் புள்ள," என்றார் அத்தை. "அப்பா மொட்டை போட்டுட்டு வந்து நின்னாக. உங்க பாட்டி செத்துட்டாகன்னு எங்ககிட்டச் சொன்னாக. நானும் அழுதேன்."

"அவரோட சொந்த அம்மா? அவங்களுக்கு எழுதினாரா?"

"எழுதினாக. ஃபீனிக்ஸ் பே தபால் பெட்டி வரைக்கும் கொண்டுபோயிட்டுத் திரும்பி வந்தாகளாம். 'செத்தவன்கிட்ட இருந்து கடுதாசி வந்தா அவ நெஞ்சு வெடிச்சுரும்'னாக."

தாத்தாவின் சொந்தப் பெயரைக் கேட்டேன். அத்தை வாசல் கதவைப் பார்த்தார், சாத்தியிருக்கிறதா என்று. பிறகு சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. சின்னப் பெயர். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வைக்கப்படாத பெயர்.

ஆட்டோவில் வரும்போது நாற்காலியை மேலே கட்டிக்கொண்டோம். மூட்டை அத்தையின் மடியில் இருந்தது. ஓட்டுநர் பின்னால் பார்த்து, "அதை டிக்கியில வைக்கட்டுமா அம்மா?" என்று இந்தியில் கேட்டார். "நஹி பேட்டா, பைட்னே தோ," என்றார் அத்தை. இருக்கட்டும் என்று சொல்லவில்லை. உட்காரட்டும் என்றார்.

எனக்கு வேலை ஃபீனிக்ஸ் பேயில், தீவுக் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில். ஒரு மாதம் கழித்து, பக்கத்து கவுண்டர்காரர் லீவில் ஊருக்குக் கிளம்பினார். அவரும் ராமநாதபுரத்துக்காரர். படத்தின் பின்னால் இருந்த ஊர்ப்பெயரைக் கொடுத்து, தூரத்துச் சொந்தம், இருக்கிறார்களா என்று பார்க்க முடியுமா என்று கேட்டேன். முழு விஷயத்தையும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரிடமிருந்து வீடியோ கால் வந்தது. "சார், வீட்டைக் கண்டுபிடிச்சாச்சு. பாருங்க," என்று கேமராவைத் திருப்பினார். பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவர். அதில் சந்தன மாலை போட்ட ஒரு புகைப்படம். முப்பத்தைந்து வயதுத் தாத்தா. எங்கள் வீட்டில் இல்லாத படம். காலர் வைத்த சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை. பயந்த கண்கள். கண்ணாடியில் நான் ஷேவ் செய்யும்போது பார்க்கிற முகம்.

அந்த வீட்டம்மா திரைக்குள் வந்தார். எழுபதை நெருங்கும் வயது. "இவுக எங்க தாய்மாமன். அந்தமான்ல இருந்தாக," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் வாய்மேல் கைவைத்தார். "மாமனை அப்படியே உரிச்சு வச்சிருக்கீகளே."

அத்தை என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். மற்றொரு கையால் பெட்டியிலிருந்த படத்தைக் கேமராவுக்கு நேரே பிடித்தார்.

"இது யாரு தெரியுதா?"

"உக்காந்திருக்கிறது எங்க அம்மாச்சி," என்றார் அந்த அம்மா. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நிக்கிறது யாரு?"

"அவுகதான் உங்க மாமன்."

"அப்ப சுவத்துல இருக்கிறவுக?"

"எங்க அப்பா," என்றார் அத்தை. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எனக்குச் சொன்ன அதே வரிசையில், அதே நிதானத்தில்.

மறுபக்கம் போனைப் பிடித்திருந்த நண்பரின் கை தாழ்ந்துவிட்டது. திரையில் ஒரு மின்விசிறியும் ஓட்டுக் கூரையும் மட்டும் தெரிந்தன. எங்கோ கோழி கத்தியது. பிறகு அந்த அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"அவுக முகத்தைத்தான் நாங்க இத்தனை வருசமாக் கும்பிட்டோம். புள்ளைகளுக்குப் பேரு வச்சோம். இந்தத் தழும்புக்காரரை எனக்கு யாருன்னே தெரியலையே தாயி. எங்க மாமன்கிறீக. பார்த்தா எனக்கு ஒண்ணும் தோணமாட்டேங்குது."

அத்தை படத்தைத் தன் பக்கம் திருப்பி அந்த வாலிபனைப் பார்த்தார். அவரைத் தெரிந்தவர் என்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அவரை ஒருநாளும் பார்த்திராத என் அத்தை மட்டும்தான்.

மறுநாள் காலையில் அந்த அம்மாவே கூப்பிட்டார். ராத்திரி தூங்கவில்லை என்றார். மாமன் போன தேதி தெரியுமா என்று கேட்டார். தேதி தெரியாது, யுத்தம் முடிந்த வருடத்து ஆடி மாதம் என்று அத்தை சொன்னார். "சட்டையைக் கொண்டுவாங்க," என்றார் அவர். "எங்க கரையில வச்சு செய்ய வேண்டியதைச் செஞ்சிருவோம்."

சென்னைக் கப்பலில் இரண்டு பேருக்கான கேபின் போட்டிருக்கிறேன். அத்தை மெயின்லேண்டைப் பார்த்ததே இல்லை. தாத்தா அனுப்பியதில்லை. ஸ்வெட்டர் வேண்டுமா, வாந்தி வருமா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் நேற்று சாப்பிடும்போது வேறொன்று கேட்டார்.

"கப்பல் எந்தப் பக்கமாப் போகும் தம்பி? அவுக போன பக்கமாவா?"

"அந்தப் பக்கம் போகாது அத்தை. அது கிழக்கே. நாம வேற வழி."

சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டினார்.

"அச்சா," என்றார். "அப்பன்னா பகல்லயும் கேபின் கதவைத் திறந்து வச்சுக்கலாம். வெளிய கடலைப் பார்த்தாலும் அவுக பயப்படமாட்டாக."